உங்கள் கண்ணை நம்புங்கள், டீச்சர்!

“நான் வெறும் பால்வாடி டீச்சர்தானே!”

இந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு விடுங்கள்.

யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? ஊரா? உறவா? தனியார் பள்ளி வேன் வந்து நிற்கும்போது உங்கள் மையத்தை ஏற இறங்கப் பார்த்தவர்களா?

அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

உங்கள் எதிரே பாயில் உட்கார்ந்திருப்பது யார்? இரண்டு வயதும் மூன்று வயதும் நான்கு வயதுமான மனிதர்கள்! வாழ்நாளிலேயே மிக வேகமாகக் கற்கிற பருவத்தில் இருப்பவர்கள்.

அந்த வேகத்தை நாள் முழுக்க, கை எட்டும் தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேராசிரியர்களுக்குக் கிடைக்கும்?

உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். மரியாதையும் குறைவு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பு குறைவு என்று மட்டும் சொல்லாதீர்கள்!

“பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்பீர்கள். விழாமல், அடித்துக்கொள்ளாமல், வாசல் தாண்டாமல் காவல் காக்கிறீர்கள். அதை நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு குழந்தையை, ஐந்தே நிமிடம், வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல் கவனித்திருக்கிறீர்களா? எதை எடுத்தது, எங்கே தடுமாறியது, தடுமாறிய பிறகு என்ன செய்தது?

கவனித்ததை எழுதியிருக்கிறீர்களா? எழுதியதை வைத்து, நாளைக்கு அந்தக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்களா?

“அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க வேலைங்க.”

யார் சொன்னது? ஏற்கெனவே அந்த வேலையில் பாதியை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்!

மாதாமாதம் எடை போடுகிறீர்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறீர்கள். போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்கிறீர்கள்.

கோடு சரிந்தால் உங்களுக்கு மனம் பொறுக்கிறதா? தாயைக் கூப்பிடுகிறீர்கள். “காய்ச்சல் வந்துச்சா? வயித்தால போச்சா? சத்துமாவு கொடுக்கிறியா?” என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள்.

அளந்தீர்கள். எழுதினீர்கள். ஒப்பிட்டீர்கள். காரணம் தேடினீர்கள். வழி சொன்னீர்கள். விஞ்ஞானி வேறென்ன செய்கிறார்?

உடம்புக்குச் செய்வதை அறிவுக்கும் செய்யுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்!

உங்கள் வேலை யார் தொடங்கிய வேலை என்று தெரியுமா?

அனுதாய் வாக். மகாராஷ்டிரத்துப் பெண். 1910-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம். ஆறே மாதத்தில் கணவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில், அந்த வயதில் தாலி இழந்த பெண்ணுக்கு என்ன வாழ்க்கை காத்திருக்கும்? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலையில் உட்கார்ந்தாரா? பள்ளிக்குப் போனார்! படித்தார். ஆசிரியையானார்.

1945-இல் போர்டி என்ற கடலோர ஊரில் குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக்கோடு சேர்ந்தார். கிராமத்துக் குழந்தைகளுக்காக இருவரும் பால்வாடி நடத்தினார்கள். பிறகு கோஸ்பாட் மலைக்குப் போனார்கள். அங்கே வார்லிப் பழங்குடிப் பிள்ளைகள்.

பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை.

“இதுகளுக்குப் படிப்பு ஏறாது” என்று எழுதி மூடியிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் மூடினார்கள்.

இவர்கள் பார்த்தார்கள். ஏன் வரவில்லை? பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். பையன்கள் மாடு மேய்க்கப் போய்விடுகிறார்கள்.

அப்படியானால் குறை பிள்ளையிடம் இல்லையே! பள்ளி இருக்கும் இடத்திலும் நேரத்திலும் அல்லவா இருக்கிறது!

பள்ளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டு முற்றத்துக்கு. மாடு மேயும் புல்வெளிக்கு. விதை, கிளிஞ்சல், இலை, கூழாங்கல் என்று அக்கம்பக்கத்தில் கிடைத்ததெல்லாம் பாடப் பொருள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கும் அங்கேயே இடம்.

முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நாடு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

நீங்கள் யாருடைய வாரிசு என்று இப்போது தெரிகிறதா? இனியும் “வெறும்” என்ற சொல் உங்கள் வாயில் வரலாமா?

அடுத்த சாக்கு என்ன? “எனக்கு டிரெயினிங் பத்தாது.”

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தின் சான் லொரென்சோ. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்தார்கள். அவர்களை ஓர் அறையில் சேர்த்து வைக்க மரியா மாண்டிசோரியை அழைத்தார்கள்.

அவர் யார்? மருத்துவர்! அந்த அறையில் பிள்ளைகளோடு இருந்த பெண்? அவரும் ஆசிரியப் பயிற்சி முடித்தவர் இல்லை.

அழகழகான பொம்மைகள் வந்தன. பிள்ளைகள் சீந்தவில்லை. தோல்விதானே? மாண்டிசோரி அதைத் தோல்வி என்று எழுதவில்லை. பொம்மையை ஒதுக்குகிறார்கள் என்பதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டார். பொம்மைகள் ஓரம் போயின.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தினாள். எடுத்தாள். கலைத்தாள். மறுபடி பொருத்தினாள்.

மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்ற பிள்ளைகளைச் சுற்றி வந்து பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்!

நாற்பது முறைக்கும் மேல். அதன் பிறகு தானாக நிறுத்தினாள். களைப்பே இல்லாமல், தூங்கி எழுந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

“சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்துல கவனம் நிக்காது” என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அடித்து நொறுக்கியது எது? ஒரு பெண் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினாரே, அந்த எண்ணிக்கை!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மனசாட்சியோடு சொல்லுங்கள். மூன்றாவது முறையிலேயே “போதும்மா, அடுத்ததை எடு” என்றிருக்க மாட்டீர்களா? இல்லையென்றால் “சூப்பர்!” என்று கைதட்டியிருக்க மாட்டீர்களா? கைதட்டினாலும் கலைத்ததுதான்!

வயதாகிவிட்டது என்கிறீர்களா? இதே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். வயது 69. பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் குடிசைகள் போட்டு, நாடெங்கிலுமிருந்து வந்த சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்.

1940-இல் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் அவர் பகை நாட்டுக்காரி ஆனார். மகன் மாரியோவை அரசு பிடித்துக்கொண்டு போனது. அவருக்கு அடையாறு வளாகத்துக்குள்ளேயே காவல். எழுபதாம் பிறந்தநாளுக்குத்தான் மகனை விட்டார்கள்.

ஓய்ந்தாரா? கொடைக்கானலுக்குப் போனார். அங்கேயும் பள்ளி, அங்கேயும் பிள்ளைகள், அங்கேயும் கவனிப்பு! பிறந்த நாளிலிருந்து குழந்தையின் மனம் எப்படி உலகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று அவர் இந்தியாவில் ஆற்றிய உரைகள் 1949-இல் நூலாயின. எழுபத்தொன்பது வயதில்!

உங்களுக்கு என்ன வயது?

வாருங்கள், ஒரு சோதனையே செய்வோம். காசு வேண்டாம். புளியங்கொட்டை போதும்.

நான்கு வயதுக் குழந்தையை எதிரே உட்கார வையுங்கள். ஐந்து கொட்டைகளை வரிசையாக அடுக்குங்கள். அதன் கீழே, ஒன்றுக்கு ஒன்று நேராக, இன்னும் ஐந்து. “ரெண்டு வரிசையிலயும் ஒரே அளவு இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொல்லும்.

இப்போது குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ் வரிசையை அகட்டி வையுங்கள். கூட்டவில்லை. குறைக்கவில்லை. தள்ளித் தள்ளி வைத்தீர்கள், அவ்வளவுதான்.

“இப்ப எதுல நிறைய இருக்கு?”

பெரும்பாலும் அகலமான வரிசையைத்தான் காட்டும். ஒன்று இரண்டு மூன்று என்று ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையும் அதைத்தான் காட்டும்!

உடனே உங்கள் நாக்கு துடிக்கும். “தப்பு! எண்ணிப் பாரு!” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள்! நாக்கைக் கட்டுங்கள்!

“ஏன் அப்படிச் சொல்ற, கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

அந்தத் தப்பான பதிலில்தான் புதையல் இருக்கிறது. இதைக் கண்டு சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. அவர் என்ன படித்தவர்? குழந்தை உளவியலா? நத்தை இனங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்!

பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுத் தேர்வுகளைச் சீர்செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சலிப்பான வேலை. அவர் கண் தவறான விடைகளில் நின்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்களே, ஏன்?

இந்த ஒரு “ஏன்” அவர் வாழ்நாளையே எடுத்துக்கொண்டது. தன் மூன்று குழந்தைகளையும் பிறந்த நாளிலிருந்து கவனித்தார். பக்கத்திலிருந்து அவர் மனைவி வலன்டைனும் கவனித்தார், எழுதினார். பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை தேடுகிறதா, மறந்துவிடுகிறதா? எந்த மாதத்தில் தேடத் தொடங்குகிறது? ஆய்வுக்கூடம் எது? தொட்டிலும் தரையும்!

உங்களிடம் தொட்டில் இல்லையா? தரை இல்லையா?

அகலமான வரிசையைக் காட்டிய குழந்தை மக்கு இல்லை. கண் சொல்வதை நம்புகிறது. எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. ஆறு ஏழு வயதில் பிடிபடும். கத்திச் சொன்னால் முன்கூட்டி வருமா? வராது!

என்ன செய்யலாம்? தட்டுக்கு ஒரு முட்டை வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு தம்ளர் எடுத்துவரச் சொல்லுங்கள். நண்பர்கள் ஐந்து பேர் நெருக்கி நின்றாலும் ஐந்து, தள்ளி நின்றாலும் ஐந்து என்று விளையாடச் செய்யுங்கள். கவனித்ததிலிருந்து வழிகாட்டுவது என்றால் இதுதான்!

எழுத்துக்கும் இதே கதைதான். மூன்று வயதில் ஒரு வட்டத்தைப் பார்த்து வரைய வரும். நான்கில் கூட்டல் குறி. சதுரம் வர ஏறக்குறைய ஐந்து வயதாகும். முக்கோணம் அதற்கும் பிறகு.

சதுரமே வராத கையைப் பிடித்து “அ” எழுது, “அ” எழுது என்று இழுக்கிறீர்களே, நியாயமா? சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வரும் எழுத்தல்லவா அது! குழந்தை அழுகிறது. நீங்களும் சோர்கிறீர்கள். இரண்டு பேரும் தோற்றதாக நினைக்கிறீர்கள்.

தோற்கவில்லை! கவனிக்கவில்லை, அவ்வளவுதான். மணலில் கோடு போடட்டும். மாவு பிசையட்டும். துணி பிழியட்டும். சாக்பீஸால் தரை முழுக்க வட்டம் வரையட்டும். கை உறுதிப்படுவதை எழுதி வாருங்கள். உறுதிப்பட்ட கை எழுத்தைத் தானே தேடி வரும்.

“எனக்கு நேரமே இல்லை.” இந்தச் சாக்கைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவேடுகள் இருக்கின்றன. கைபேசிச் செயலியில் தினமும் ஏற்ற வேண்டும். சமையல் பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையையும் உங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். உதவியாளர் இடம் காலியாகவே கிடக்கிறது. அத்தனையும் உண்மை. அதற்காகக் குரல் கொடுங்கள். சங்கமாகச் சேர்ந்து போராடுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.

ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை உங்கள் பாயில் இருக்கும் மூன்று வயது காத்திருக்குமா? அடுத்த ஆண்டு அதற்கு நான்கு வயது!

நான் கேட்பது ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை. இருபது பிள்ளைகள் என்றால் ஒரே மாதத்தில் எல்லாரையும் கவனித்துவிடுவீர்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. இதற்கும் நேரமில்லையா?

எப்படி எழுதுவது என்று பயப்படுகிறீர்களா? கேளுங்கள்.

“அடங்காத பையன்.” இது கவனிப்பா? தீர்ப்பு! நோட்டில் தீர்ப்புக்கு இடமில்லை.

“கதை சொல்லும்போது மூன்று முறை எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெளியே ஜே.சி.பி. மண் அள்ளிக்கொண்டிருந்தது. ‘அது கை மடங்குது’ என்றான். தன் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்தான்.”

இது கவனிப்பு! படிக்கும்போதே அவன் வேறு பிள்ளையாகத் தெரிகிறானா இல்லையா? ஓர் இயந்திரத்தையும் தன் உடம்பையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அவனையா அடங்காதவன் என்று எழுதப் போனீர்கள்?

மறுநாள் அவனுக்கு மண்ணும் தேங்காய்ச் சிரட்டையும் கொடுங்கள். நீளக் குச்சியும் கயிறும் கொடுங்கள். அவன் ஜே.சி.பி. செய்வான். அவனுக்கு ஜே.சி.பி. கதையே சொல்லுங்கள். எழுந்து போகிறானா பாருங்கள்!

கண்டதை எழுதுங்கள். கேட்டதை எழுதுங்கள். குழந்தை சொன்ன வார்த்தையை மழலையோடு எழுதுங்கள். தேதி போடுங்கள், நேரம் போடுங்கள். அழகான தமிழ் வேண்டாம். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்!

முதல் வாரம் உங்கள் நோட்டு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன். “நன்றாக விளையாடினாள்.” “சமத்தாக இருந்தான்.” “பாட்டுப் பாடினாள்.” இப்படித்தான் இருக்கும். ஒன்றும் இருக்காது.

அதைப் பார்த்து நோட்டை மூடி வைத்துவிடுவீர்களா? மூடாதீர்கள்! கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். எட்டாம் நாள், பத்தாம் நாள் ஒரு வரி வரும். எந்தக் கையால் எடுத்தாள், யாரைப் பார்த்துவிட்டு எடுத்தாள் என்று வரும். அந்த வரி வந்த பிறகு உங்களை யாராலும் நிறுத்த முடியாது.

கையைக் கட்டுவது நாக்கைக் கட்டுவதைவிடக் கஷ்டம். தெரியும்.

ஒரு குழந்தை சட்டைப் பொத்தானைப் போட முயல்கிறது. துளையில் நுழையவில்லை. மறுபடி. வழுக்குகிறது. மறுபடி. நாக்கு வெளியே துருத்துகிறது, நெற்றி சுருங்குகிறது. உங்கள் கை தானாக நீளும்.

நீட்டாதீர்கள்! “உன்னால் முடியாது” என்று வாயால் சொன்னால்தான் சொன்னதா? அந்தக் கை சொல்கிறதே!

குழந்தை திரும்பி உங்களைப் பார்த்தால் மட்டும் போங்கள். போனாலும் முழுவதையும் செய்யாதீர்கள். துளையை விரித்துப் பிடியுங்கள். பொத்தானை அது தள்ளட்டும். எந்த இடத்தில் உதவி தேவைப்பட்டது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் அந்த உதவி தேவைப்படாது.

“அம்மாமார் சண்டைக்கு வருவாங்களே! என்ன டீச்சர், பிள்ளைங்க விளையாடிக்கிட்டே இருக்குன்னு கேப்பாங்களே!”

வரட்டும்! பயம் எதற்கு? நோட்டைத் திறங்கள்!

“உட்காரும்மா. உன் பொண்ணு செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சா தெரியுமா? பாட்டில் மூடியை எல்லாம் பெருசு, நடு, சின்னதுன்னு மூணு குவியலாப் பிரிச்சா. நான் சொல்லவே இல்லை. சிவப்பு மூடி ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு எதுல போடறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சா. நாளைக்கு நிறம் பிரிக்கக் கொடுக்கப்போறேன்.”

தன் மகளைப் பற்றி இப்படி ஒருவர் சொல்லிக் கேட்ட தாய் சண்டை போடுவாளா? பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வருவாள்!

மேற்பார்வையாளர் வந்து கேட்டாலும் இதே நோட்டுதான் உங்கள் பதில்.

ஒரு நோட்டுக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மால்டிங் ஹவுஸ் என்ற சிறு பள்ளி 1924-இல் தொடங்கியது. சூசன் ஐசக்ஸ் நடத்தினார். ஒரு நாள் காலை, பள்ளியில் வளர்த்த முயல் செத்துக் கிடந்தது.

ஒரு பிள்ளை, வயிறு ஏறி இறங்கவில்லை, செத்துவிட்டது என்றான். இன்னொருவன், தண்ணீரில் போட்டால் உயிர் வந்துவிடும், அப்பா சொல்லியிருக்கிறார் என்றான்.

நாமாக இருந்தால்? “சீ, தொடாதே! போய்க் கை கழுவு!” அவ்வளவுதானே?

ஐசக்ஸ், போட்டுப் பார்க்கலாமா என்றார். போட்டார்கள். உயிர் வரவில்லை. புதைத்தார்கள். புதைத்த முயல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மறுநாள் பிள்ளைகளுக்குச் சந்தேகம். தோண்டிப் பார்க்கவும் விட்டார்! நான்கைந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே சாவை ஆராய்ந்தார்கள். பேசியது அத்தனையும் ஏட்டில் ஏறியது.

அந்தப் பள்ளி நிலைத்ததா? இல்லை. பணம் போட்டவர் நொடித்துப்போனார். ஐசக்ஸ் 1927-இல் விலகினார். பள்ளி மூடப்பட்டது.

குறிப்பேடுகள் மூடப்படவில்லை! 1930-லும் 1933-லும் அவை நூல்களாயின. சிறு குழந்தைகளும் காரண காரியத்தோடு யோசிப்பவர்கள் என்று ஆதாரத்தோடு காட்டின. உங்கள் மையத்தின் ஓடு ஒழுகினாலும் சுவர் விரிந்தாலும், நீங்கள் எழுதியது நிற்கும்.

வீட்டிலிருக்கும் அப்பாக்களே, ஒதுங்காதீர்கள்! உங்களையும்தான் சொல்கிறேன். சார்லஸ் டார்வின் 1839 டிசம்பரில் பிறந்த தன் மூத்த மகனை நாள்தோறும் கவனித்து எழுதினார். 1877-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். குஜராத்தின் கிஜுபாய் பதேகா வழக்கறிஞர். தன் மகனை எப்படி வளர்ப்பது என்று தேடப் போனவர், வக்கீல் தொழிலையே விட்டார். 1920-இல் பாவ்நகரில் பால்மந்திர் தொடங்கினார். மீசை வைத்த அம்மா என்று குஜராத் அவரைக் கொண்டாடியது. உங்கள் கைபேசியைக் கீழே வைக்க உங்களால் முடியாதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை.

கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருக்கிறது. “மந்தம்” என்கிறார்கள். “திமிர்” என்கிறார்கள். காதில் சீழா? கேட்கவே இல்லையா? யார் பார்த்தது?

படத்தை மூக்கருகே கொண்டுபோகும் குழந்தை இருக்கிறது. இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தை இருக்கிறது. நேற்றுவரை பேசியதைத் திடீரென்று நிறுத்திய குழந்தை இருக்கிறது.

என்ன நோய் என்று நீங்கள் பெயர் வைக்க வேண்டாம். அது மருத்துவர் வேலை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் மையத்துக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு சில நிமிடம்தான் அந்தக் குழந்தையைப் பார்க்கும். நீங்கள் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறீர்கள்!

“பின்னாலிருந்து நான்கு நாள் கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் நின்று கூப்பிட்டால் வருகிறான்.” இந்த இரண்டு வரியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை மாறும். குழு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே அனுப்புங்கள்.

இன்னும் என்ன தயக்கம்? எந்தக் குழந்தையிலிருந்து தொடங்குவது என்றா?

உங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சேட்டைக்காரன் பெயர் முதலில் வரும். நன்றாகப் பாடுகிறவள் பெயர் வரும். அழுதுகொண்டே வருகிறவன் பெயர் வரும்.

தட்டுத் தடுமாறிக் கடைசியில் வருகிறதே ஒரு பெயர்? அழாது, எதையும் கேட்டு வாங்காது, சண்டை போடாது, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஓரமாக இருக்கும். நேற்று அது என்ன செய்தது என்று சொல்ல முடிகிறதா? முந்தாநாள்?

முதல் பக்கம் அந்தக் குழந்தைக்கு! பெயரை இப்போதே எழுதுங்கள். நாளைக் காலை விளையாட்டுப் பொருளை எடுத்துப் போட்டதும், அதற்கு எதிரே போய் உட்காராமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் எழுதுங்கள். நாளை மறுநாள் அடுத்த பெயர்.